களத்துக்குக் குர்லா, வகுப்புக்கு யார்?

சமூகப்பணிப் படிப்பைப் பற்றி மும்பையில் படித்தவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரு கருத்து தவறாமல் வந்துவிடுகிறது. மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற அதிகாரி சொல்கிறார். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் இளைஞர் சொல்கிறார். பேராசிரியர்களிலேயே ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். ஏழைக்கு உதவ வருகிறவரிடம் மனசும் திறமையும் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமாம். அவர் எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்ப்பது அந்தப் பணிக்கே விரோதமாம். இட ஒதுக்கீடும் கட்டண விலக்கும் பாடத்திட்டத்தில் சாதியும் வகுப்பறைக்குள் அரசியலைக் கொண்டுவந்து தரத்தைக் கெடுக்கின்றனவாம். ஏழைகளுக்காகவே நடக்கிற ஒரு படிப்பில் சமூகநீதி என்று தனியாக ஒன்று எதற்கு என்று கேட்டு முடிக்கிறார்கள்.

இப்படிப் பேசுகிறவர்களில் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் குறைவு. பலர் தங்கள் வாழ்நாளில் கணிசமான நேரத்தையும் பணத்தையும் பிறருக்காகச் செலவிட்டவர்கள். அதனாலேயே இந்தக் கருத்து கேள்வி கேட்பாரில்லாமல் பரவிக் கிடக்கிறது. அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஒதுக்கீடு பெற்று வரும் மாணவர்களுக்கு அநீதி என்பதோடு இது நின்றுவிடவில்லை. அந்தக் கருத்தின்படி நடந்தால் சமூகப்பணி என்ற வேலையே மோசமாக நடக்கும்.

இந்தியாவில் சமூகப்பணிக்கென்று கல்லூரி முதலில் வந்தது மும்பையில், 1936இல். நாக்பாடாவில் நெய்பர்ஹுட் ஹவுஸ் என்ற மையத்தை நடத்திவந்த அமெரிக்க மிஷனரி கிளிஃபர்ட் மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர்; பணம் சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையுடையது. 1944இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது. 1954இல் தேவ்னாருக்கு இடம் மாறியது. 1964இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இந்த வரலாற்றை எல்லோரும் சொல்வார்கள். யார் பணி செய்வது, எதைப் பணி என்பது என்ற வழக்கு கல்லூரி தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே எழுந்துவிட்டது என்பதைச் சொல்வோர் குறைவு.

பூனா ஒப்பந்தத்தை ஒட்டி, தீண்டாமையை ஒழிக்கவென்று ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னாளில் ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான். அதன் செயலாளர் ஏ.வி. தக்கருக்கு, மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர் 1932 நவம்பரில் நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். ஒடுக்கப்பட்டவர்களை உயர்த்த இரண்டு வழிகள் இருப்பதாக அதில் பிரித்துக் காட்டினார். அவரவர் துன்பத்துக்கு அவரவர் நடத்தையே காரணம் என்று கொண்டு மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று தனிமனிதரைத் திருத்தப் பார்ப்பது ஒரு வழி. துன்பத்துக்குக் காரணம் சூழலே என்று கொண்டு கிணறு, பள்ளி, பொது வாகனம், வேலை ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுவது மற்றொன்று. பணத்தை இரண்டாவது வழிக்குச் செலவிடுங்கள் என்றார். களத்தில் இறங்கும் ஊழியர்களைக் கூடியவரை ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே எடுங்கள் என்றும் கேட்டார். சங்கம் அந்தப் பாதையில் போகவில்லை. தீண்டாமை ஒழிப்பு சாதி இந்துக்கள் செய்யவேண்டிய பிராயச்சித்தம், ஆகவே நிர்வாகம் அவர்கள் கையில்தான் இருக்கவேண்டும் என்பது காந்தியின் நிலை. அந்தக் கடிதத்தை அம்பேத்கர் 1945இல் தம் புத்தகத்தில் மீண்டும் வெளியிட்டார்.

ஆக, சாதியைப் பற்றிய கேள்வி சமூகப்பணிக்குள் இப்போது யாரோ மாணவர் சங்கத்தார் கொண்டுவந்து போட்டதாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. கல்லூரி பிறக்கும் முன்பே வாசலில் நின்ற கேள்வி அது. பதில் சொல்லாமல் எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மும்பையின் குர்லாவிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால் திலக் நகர், செம்பூர், அடுத்து கோவண்டி. கோவண்டியில் இறங்கினால் தேவ்னார் வளாகம் பக்கம். குர்லாவுக்கும் இந்தக் கல்விக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். ஆனால் அந்த ரயிலில் சமூகப்பணி மாணவர்கள் வருகிற திசை எப்போதும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. நகரின் கல்லூரிகளிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்கு அவர்கள் குர்லாவுக்கும் தாராவிக்கும் சீத்தா கேம்ப்புக்கும் வருகிறார்கள். இங்கிருந்து அங்கே படிக்கப் போனவர்களை எண்ணிப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

மித்தி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சந்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி கேள்விப் படிவத்தோடு வந்திருந்தாள். நல்ல பெண், பணிவாகப் பேசினாள். அந்த வீட்டில் அம்மா இட்லி அவித்துக் கொடுக்க, அப்பா விடிவதற்குள் சைக்கிளில் கொண்டுபோய் விற்றுவருவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மாணவிக்குத் தமிழ் தெரியாது, அந்த அம்மாவுக்கு வந்த இந்தி கடைத்தெரு இந்தி. பி.ஏ. முடித்து வீட்டிலிருந்த மகள்தான் நடுவில் உட்கார்ந்து பேசினாள்.

படிவத்தில் முதலில் மாத வருமானம் என்ற கட்டம். அம்மா பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தார். அந்த வீட்டில் மாதம் என்ற கணக்கே கிடையாது. மகள் தானாகவே கேள்வியை மாற்றினாள். "நேத்து எத்தன இட்லி போச்சும்மா, எத்தன திரும்பி வந்துச்சு? சிலிண்டர் எத்தன நாளைக்கு வருது? மழைக்கு அப்பா எத்தன நாள் போகல?" பத்து நிமிடத்தில் உண்மையான கணக்கு வந்துவிட்டது. அடுத்து தொழில் என்ற இடத்தில், கணவருக்கு வியாபாரம் என்றும் மனைவிக்கு இல்லத்தரசி என்றும் மாணவி எழுதினாள். மகள் விடவில்லை. ராத்திரி அரிசி உளுந்து ஊறப்போட்டு, மாவாட்டி, மூன்று மணிக்கு எழுந்து அவிப்பது யார், அதையும் எழுதுங்கள் என்றாள். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினார்கள்.

அன்று அந்த அறையில் சமூகப்பணியின் திறமை யாரிடம் இருந்தது? தரம் தரம் என்கிறார்களே, அந்தத் தரத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான தேர்வு எது? கேள்வியைச் சரியாகக் கேட்பது, சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது, வீட்டுக்குள் யாருடைய உழைப்பு கணக்கில் வராமல் போகிறது என்று பார்ப்பது ஆகியவற்றைத்தான் பாடமாக இரண்டு வருடம் சொல்லித் தருகிறார்கள். மாணவியின் மனசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனசால் அந்தக் கட்டத்தைச் சரியாக நிரப்ப முடியவில்லை. மகளுக்கு இந்தப் படிப்பில் இடம் இல்லாமல் போனதால் இழப்பு மகளுக்கு மட்டும் என்று நினைப்பது பிழை. படிப்புக்கும் அது இழப்பு.

இதற்குச் சான்றாக ஒரு சந்து போதாது என்பவர்கள் ஜோக்கின் அற்புதத்தின் வாழ்க்கையைப் பார்க்கட்டும். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். கல்லூரிப் பட்டம் இல்லை. இளைஞராக மும்பைக்கு வந்து ஜனதா காலனியில் குடியிருந்தார். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் காலனி 1976இல் காலி செய்யப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்புக்குத் தூக்கிப் போடப்பட்டார்கள். அதை எதிர்த்துப் போராடிய அவர்தான் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார். 1984இல் ஸ்பார்க் அமைப்பைத் தொடங்கிய ஷீலா பட்டேல் டாட்டா நிறுவனத்தில் சமூகப்பணி படித்தவர், நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸில் வேலை பார்த்தவர். நடைபாதைவாசிகளைப் பற்றி ஸ்பார்க் எடுத்த கணக்கெடுப்பு 1985இல் வெளியாயிற்று. அற்புதமும் நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும் ஸ்பார்க்கும் கைகோத்த பிறகு, குடிசைவாசிகளே தங்கள் குடியிருப்பை எண்ணி, அளந்து, அந்தக் கணக்கோடு அரசிடம் பேரம் பேசும் முறை வளர்ந்தது. இன்று ஆப்பிரிக்க நகரங்கள் வரை அது போயிருக்கிறது. அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. இந்திய நகர்ப்புறச் சமூகப்பணி உலகுக்குக் கொடுத்த முக்கியமான முறைகளில் ஒன்று, படித்தவரும் குடிசைவாசியும் சமமாக உட்கார்ந்த இடத்தில் பிறந்தது. வகுப்பறையில் அந்தச் சமத்துவம் வேண்டும் என்று கேட்டால் தரம் போய்விடும் என்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு வாதம் உண்டு. குடிசையில் பிறந்துவிட்டதாலேயே ஒருவர் நல்ல சமூகப்பணியாளர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். அந்த மகளுக்கும் சட்டம் தெரியவேண்டும், ஆய்வுமுறை தெரியவேண்டும், தன் சாதிக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியிடம் தான் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்க்கக் கற்கவேண்டும். அதனால்தான் அவள் படிக்கவேண்டும் என்கிறோம். மாட்டுங்காவிலிருந்து வருகிற மாணவர் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் மாட்டுங்கா மாணவரும் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்வார்.

அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்வது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மனசு போதும் என்பவர்கள் கவனிக்காமல் விடுவது இங்கேதான்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். பட்டியல் சாதியினருக்கான செலவை இப்போது மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. காகிதத்தில் கட்டணம் முழுவதும் வந்துவிடும். நடைமுறையில் அந்தப் பணம் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே தெரியும். முன்பு டாட்டா நிறுவனம் இந்த மாணவர்களிடம் கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, அரசிடமிருந்து வரும்போது வாங்கிக்கொண்டது. பிறகு நிதிப் பற்றாக்குறையைக் காட்டி, முதலில் நீங்கள் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு விலக்கு முதலில் போனது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதே கதி வந்தபோது, 2018 பிப்ரவரி 21 அன்று மும்பை, துல்ஜாப்பூர், ஹைதராபாத், குவாஹாத்தி ஆகிய நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வகுப்பைப் புறக்கணித்து வாசலில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து, சமூகப்பணி படிக்க வந்தவர்களுக்கு அரசியல் எதற்கு என்று அன்றும் கேட்டார்கள்.

நிறுவனத்துக்குப் பணக் கஷ்டம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. 2024 ஜூனில் அறக்கட்டளை நிதி நின்றதால் நூறு பேருக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு வேலைநீக்க அறிவிப்பு போய், இரண்டு நாளில் திரும்பப் பெறப்பட்டதையும் பார்த்தோம். ஆனால் அரசு தாமதமாகத் தரும் பணத்துக்கு நடுவில் வட்டி கட்டுவது யார் என்ற கேள்விக்கு, பல்கலைக்கழகம் அல்ல, இட்லி விற்கிற வீடு என்று பதில் சொல்வது எந்த நீதி? அந்த வீட்டில் முன்பணம் என்றால் சீட்டு எடுப்பதும் தாலியை அடகு வைப்பதும்தான். அதைச் செய்யத் துணியாதவர்கள் விண்ணப்பமே போடமாட்டார்கள். விண்ணப்பம் போடாதவரை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுக்காது.

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு கதவும் சாத்தியிருக்கிறது. தாராவியிலும் குர்லாவிலும் உள்ள ஆதிதிராவிடர் குடும்பங்களில் பல திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை. மகாராஷ்டிராவில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்குக் காகிதம் காட்டவேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதுவும் மும்பை சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு வந்த வழக்குதான். 2018இல் பீர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதையே உறுதிசெய்தது. உதவித்தொகையோ, மாணவர் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநில அரசு வழியாகத்தான் வரும். இங்கே பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, இங்கேயே பட்டம் வாங்கிய பெண்ணை மகாராஷ்டிரா வெளியூர்க்காரி என்கிறது. தமிழ்நாட்டில் கேட்டால் இருப்பிடச் சான்று எங்கே என்பார்கள். தீண்டாமை மட்டும் மாநில எல்லை பார்க்காமல் கூடவே ரயிலேறி வந்துவிட்டது. இந்த ஒரு சிக்கலை எத்தனை சமூகப்பணித் துறைகள் பாடமாக எடுத்திருக்கின்றன? எத்தனை துறைகள் தம் வளாகத்தில் உதவி மேசை ஒன்று போட்டு இந்தப் பிள்ளைகளுக்குக் காகிதம் சேர்க்க உதவியிருக்கின்றன?

களப்பணியின் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் சம்பளம் இல்லாத வேலை, சொந்தக் காசில் ரயிலும் பஸ்ஸும் சாப்பாடும். அந்த நாட்களில் டியூஷன் எடுத்தோ கடையில் நின்றோ படிப்பை ஓட்டிக்கொண்டிருந்த மாணவருக்கு அந்த வருமானமும் போகிறது. ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி மாணவர்கள் 1,000 மணி நேரம் களத்தில் இருக்கவேண்டும். அதனால் பலர் படிப்பை விடுகிறார்கள் என்று அங்கே குரல் எழுந்தது. 2025 ஜூலையிலிருந்து, வசதி குறைந்த மாணவர்களுக்குக் களப்பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு 330 டாலருக்கு மேல் அந்நாட்டு அரசு தருகிறது. அந்நாட்டுக்கு நம்மைவிட வசதி உண்டு. ஆனால் களப்பணியை உழைப்பு என்று ஒப்புக்கொள்ள அந்த வசதி தேவையில்லை.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதை மும்பைப் பிரச்சினை என்று ஒதுக்கவேண்டாம். 69 சதவீத ஒதுக்கீடு உள்ள மாநிலத்திலும் சமூகப்பணி முதுகலை பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கிறது. கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள்.

அரசியல் கலக்கக் கூடாது, நடுநிலை வேண்டும் என்ற வாதத்துக்கு வருவோம். குர்லாவில் அதற்குப் பதில் கண்ணெதிரே இருக்கிறது. உலக வங்கிப் பணத்தில் திட்டமிட்ட சாந்தாக்ரூஸ்-செம்பூர் இணைப்புச் சாலைக்காக இங்கிருந்து வெளியேற்றப்படவிருந்த கடைக்காரர்களும் குடியிருப்போரும் 2004இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்கு முறையிட்டார்கள். மான்கூர்த் பக்கம் கொண்டுபோய் விட்டால் பிழைப்பு என்ன ஆவது, பெரிய கடைக்கும் 225 சதுர அடிதான் இலவசம் என்றால் அது எப்படி ஈடாகும் என்று கேட்டார்கள். கடைக்காரர்களின் பிழைப்பைத் திட்டம் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை என்று குழு கண்டது. 2006 மார்ச்சில் உலக வங்கி பணத்தைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. இத்தகைய மறுகுடியமர்வில் கணக்கெடுப்பும் தகுதிப் பட்டியலும் கலந்தாய்வுக் கூட்டமும் சமூகப்பணியாளர் செய்கிற வேலை. கையில் படிவம் இருப்பவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் வீடு, இன்னொரு கட்டத்தில் போட்டால் தெரு. இதில் நடுநிலை எங்கே நிற்கிறது?

இப்போது தாராவியில், அதன் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக, அதே வேலை இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011க்குள் வந்தவருக்கு இரண்டரை லட்சம் கட்டினால் தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவருக்கு வெளியே வாடகை வீடு, பிறகு தவணையில் சொந்தம். குர்லா நேரு நகர் பக்கத்து மதர் டெய்ரி நிலம் எட்டரை ஹெக்டேரை இந்தத் திட்டத்துக்கு 2024 ஜூனில் அரசு ஒதுக்கியது. பூங்கா வேண்டும் என்று கேட்டுவந்த குர்லாக்காரர்கள் எதிர்த்தார்கள். வருகிறவர்களும் ஏழைகள், எதிர்ப்பவர்களிலும் ஏழைகள். ஒரே மாடிப்படியை ஐந்து குடும்பம் புழங்கும் வீட்டில் தரைத்தளம் யாருடையது, மாடி யாருடையது என்பதை அங்கே வாழ்ந்தவரைக் கேட்காமல் தீர்மானிக்க முடியாது. அப்படித் தீர்மானித்துவிட்டு அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்தால், ஏற்கெனவே பலமாக இருக்கும் தரப்புக்குத்தான் அது உதவும். உலகச் சமூகப்பணி அமைப்புகள் 2014இல் ஏற்ற வரையறையிலேயே சமூகநீதியும் மனித உரிமையும் மையமாக இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கணக்கெடுப்பு வேலை.

சாதி பாடத்தில் இருக்கத்தானே செய்கிறது என்பார்கள். டாட்டா நிறுவனத்தில் தலித், பழங்குடி ஆய்வும் செயற்பாடும் என்ற தனிப் பிரிவு முதுகலையில் உண்டு. அதில் பணியாற்றியவர்கள் சாதி எதிர்ப்புச் சமூகப்பணி என்ற சிந்தனையையே வளர்த்தார்கள். பெரிய சாதனை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர் மட்டும் சாதியை ஆழமாகப் படித்தால் போதாது. மருத்துவமனையில், பள்ளியில், நீதிமன்றத்தில் வேலைக்குப் போகிற மற்ற மாணவருக்கும் அது அடிப்படைப் பாடம். மனநல ஆலோசனை படித்தவரிடம் விடுதியில் சாதிப்பெயர் சொல்லி ஏசப்பட்ட பிள்ளை வந்து உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று எழுதி அனுப்பும் ஆபத்து இருக்கிறது. மும்பை நாயர் மருத்துவமனையில் படித்துக்கொண்டிருந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி 2019 மேயில் உயிரை மாய்த்துக்கொண்ட நகரம் இது.

மறுப்போடு நிறுத்தாமல் கேட்கவேண்டியதையும் கேட்டுவிடுகிறேன். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் சேர்க்கையின்போது ஒரு ரூபாயும் முன்பணம் வாங்கக்கூடாது. அரசிடம் வசூலிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. களப்பணி நாட்களுக்குப் படியும் பயணச் செலவும் தரவேண்டும். மாணவர்களைத் தங்கள் சந்துக்குள் ஏற்றுக்கொண்டு வேலை கற்றுக்கொடுக்கிற குடியிருப்புத் தலைவர்களை, குறிப்பாகப் பெண்களை, களப்பணி மேற்பார்வையாளர்களாக நியமித்து மதிப்பூதியம் கொடுக்கவேண்டும்; மதிப்பெண் போடுவதில் அவர்களுக்கும் பங்கு வேண்டும். களக்குறிப்பை மராத்தியிலோ தமிழிலோ உருதுவிலோ எழுத விரும்பும் மாணவரைத் தடுக்கக்கூடாது, அந்த வீடுகளில் பேச்சு அந்த மொழிகளில்தான் நடக்கிறது. மாநிலம் விட்டு வந்த பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைகளின் உதவித்தொகையை மத்திய அரசு நேரடியாக ஏற்கவேண்டும். மத்திய நிதியில் நடக்கும் நிறுவனத்தில் அவர்களுக்கு இடம் உண்டு என்றால் கட்டணமும் அங்கிருந்தே வரலாம்.

மதர் டெய்ரி நிலத்தில் கட்டடம் எழுவதற்கு முன் குர்லாவிலும் தாராவியிலும் இன்னும் எத்தனையோ படிவங்கள் நிரப்பப்படும். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இனிவரும் சேர்க்கைகளில் இடம் பெறப்போகிற மாணவர்கள். கட்டணத்தை முதலில் கட்டு என்ற விதி எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் வருகிற விண்ணப்ப அறிவிப்பு வெளியாகும் முன் அதை நீக்கவேண்டும்.